இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதுமா?

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் நடந்த விழாவில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் பொருத்தும் திட்டம் அது. கடலோரம் உள்ள 13 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்குக் கருவி வழங்க வேண்டும் என்பது இலக்கு. ஒதுக்கப்பட்ட தொகை 364 கோடி ரூபாய். படகு உரிமையாளர் இதற்குப் பணம் எதுவும் தரவேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டுப் பெண் ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டார். அவருடைய பையில் உள்ளங்கையில் அடங்கும் செயற்கைக்கோள் கருவி ஒன்று இருந்தது. அடுத்த மாதம் டெல்லி விமான நிலையத்தில் ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் ஒருவருக்கும் இதே நிலை ஏற்பட்டது. செல்பேசி எட்டாத மலைகளில் வழி தவறினாலோ விபத்து நேர்ந்தாலோ உதவி கேட்பதற்காகப் பல நாடுகளில் நடைப்பயணிகள் எடுத்துச் செல்லும் கருவிதான் அது. நம் நாட்டில் முன் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

வானத்தின் வழியே உதவி கேட்கும் கருவியை ஒருவருக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிறது. இன்னொருவரிடம் அது இருந்தால் வழக்குப் பதிவு செய்கிறது. இது முரண்பாடா? அல்லது இதற்குப் பின்னால் நியாயம் ஏதும் இருக்கிறதா? தொலைவிடங்களுக்குச் செல்வோரின் உயிரையும் உடைமையையும் காக்க வந்துள்ள இக்கருவிகளைப் பற்றி நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. குறிப்பாக, நம் கடற்கரை ஊர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

கலங்கரை விளக்கமும் கைக்கருவியும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். “படகில்தான் ஜி.பி.எஸ். இருக்கிறதே, பிறகு ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?” என்று உள்நாட்டு ஊர்களில் உள்ள பலர் கேட்கிறார்கள். ஜி.பி.எஸ். என்பது கலங்கரை விளக்கம் போன்றது. விளக்கைப் பார்ப்பவருக்குத் தாம் இருக்கும் இடம் தெரியும். விளக்குக்கு அவரைத் தெரியாது. பூமியிலிருந்து சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைக் கொண்டு, கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அத்துடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு படகோட்டியின் கண்முன் தெரியும். கரையில் இருக்கும் யாருக்கும் தெரியாது.

அதைக் கரைக்குத் தெரிவிக்க வேறொரு வழி வேண்டும். நகரத்து லாரியிலும் காரிலும் பொருத்தப்படும் கருவிக்குள் ஒரு சிம் அட்டை இருக்கிறது. செல்பேசிக் கோபுரம் எட்டும் வரை அது பேசும், எட்டாவிட்டால் ஊமையாகிவிடும். கடலில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினாலே செல்பேசி அடங்கிவிடுகிறது. படகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் தாண்டியபின் பேசக்கூடியது வானத்தில் உள்ள செயற்கைக்கோள் மட்டுமே.

நம் முன்னோர் கரையில் உள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலைமுகட்டையும் ஒரே கோட்டில் வைத்துக் கடலில் இடம் அறிந்தார்கள். அது கரை கண்ணில் படும் தொலைவுக்கான அறிவு. இன்று குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், ஒரு மாதமும் அதற்கு மேலும் தங்கித் தொழில் செய்கின்றன. அவர்களுக்குக் கரை கண்ணிலும் படாது, காதிலும் கேட்காது.

பகை நாடுகள் சேர்ந்து பின்னிய வலை

ஆபத்தில் இருப்பவரை வானத்திலிருந்து கண்டறியும் முயற்சி புதிதல்ல. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அது தொடங்கியது. 1979ஆம் ஆண்டு இவ்விரு நாடுகளும் கனடாவும் பிரான்சும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தன. கப்பல், விமானம், தனிமனிதர் யாராக இருந்தாலும், ஆபத்துச் சமிக்ஞை அனுப்பினால் அதைச் செயற்கைக்கோள் வழியாகப் பிடித்து, அருகில் உள்ள மீட்புப் படைக்குத் தெரிவிப்பது என்பது அந்த உடன்பாடு. காஸ்பாஸ்-சார்சாட் என்பது அந்த அமைப்பின் பெயர்.

1982ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சோவியத் நாடு இதற்கான முதல் செயற்கைக்கோளை ஏவியது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவின் மேற்கு மலைப்பகுதியில் சிறிய விமானம் ஒன்று விழுந்தது. அதன் சமிக்ஞையைப் பிடித்தது அந்தச் சோவியத் செயற்கைக்கோள்தான். மூவர் உயிருடன் மீட்கப்பட்டனர். மேற்கு நாட்டினர் மூவரின் உயிரைக் காத்தது எதிர்முகாமின் கருவி! அன்றிலிருந்து இன்றுவரை பல்லாயிரக்கணக்கானோர் இந்த ஏற்பாட்டால் உயிர் பிழைத்திருக்கிறார்கள். சமிக்ஞை அனுப்புவோரிடம் இந்த அமைப்பு கட்டணம் எதுவும் கேட்பதில்லை. எந்த நாட்டவர் என்றும் பார்ப்பதில்லை.

இந்தியாவும் இதில் பங்கேற்கிறது. பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையங்கள் உள்ளன. நம் கடற்பகுதியில் தேடல், மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல் படையுடையது. சாதாரண மீனவரும் வாங்கக்கூடிய வகையில் இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இடம் கரைக்குத் தெரியும்.

அப்படியானால் 2017இல் என்ன நடந்தது?

ஒக்கி விட்டுச்சென்ற கேள்வி

2017 நவம்பர் 29, 30 நாள்களில் இலங்கைக்கும் குமரிமுனைக்கும் அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மிக விரைவாகப் புயலாக வலுப்பெற்றது. ஒக்கி எனப் பெயரிடப்பட்ட அப்புயல் அரபிக்கடலுக்குள் சென்று, டிசம்பர் 5ஆம் நாள் வாக்கில் குஜராத் கரையருகே வலுவிழந்தது. கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே கடலில்தான் இருந்தார்கள். பலர் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டவர்கள். அவர்களிடம் அந்த எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்க வழி இல்லை. புயலில் சிக்கியவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லவும் பெரும்பாலும் வழி இல்லை.

தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் தண்டவாளத்தில் அமர்ந்தபோது, அவர்கள் கேட்டது முதலில் பணம் அல்ல. “தேடுங்கள், இன்னும் தொலைவுக்குப் போய்த் தேடுங்கள்” என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.

அந்த நாள்களில் காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. அரசு ஓர் எண்ணைச் சொன்னது. ஊர்கள் வேறோர் எண்ணைச் சொன்னன. பங்குத் தந்தையர் வீடுவீடாக விசாரித்துப் பெயர்ப்பட்டியல் தயாரித்தார்கள். எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பது பல வேளைகளில் குடும்பத்தாரின் நினைவில் மட்டுமே இருந்தது. வெளி மாநிலங்களிலிருந்து கூலிக்கு வந்து படகேறியவர்களைப் பற்றிக் கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை.

உடல் கிடைக்காத இறப்பு ஒரு குடும்பத்தை எந்த நிலையில் நிறுத்துகிறது என்பதை நாம் அப்போது கண்டோம். காணாமற்போன ஒருவர் இறந்துவிட்டதாகக் கருதப்பட, சட்டப்படி பொதுவாக ஏழு ஆண்டுகள் கடக்கவேண்டும். ஒக்கிப் புயலுக்குப் பின் அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியது. அது நல்ல செயல். ஆனால் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே வாழும் ஒரு மனைவிக்கு எந்த அரசாணையும் உறுதியைத் தந்துவிடாது. கணவர் கடைசியாக இருந்த இடம் இதுதான் என்று ஒரு புள்ளியாவது தெரிந்திருந்தால், தேடலுக்கும் திசை கிடைத்திருக்கும். துயரத்துக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கும்.

எனவே, ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு வேண்டும் என்று கடற்கரை மக்கள் கேட்டது ஆடம்பரக் கோரிக்கை அல்ல. ஒக்கிக்குப் பின்னரே தென் மாவட்டங்களில் நாவிக் செய்திக் கருவிகளும், மானிய விலையில் செயற்கைக்கோள் தொலைபேசிகளும் சிறிய அளவில் வரத் தொடங்கின. தேசியத் திட்டம் வருவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

குபேர் படகும் அரசின் அச்சமும்

இப்போது அரசின் தயக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் கடல் வழியாக வந்தார்கள். குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகை நடுக்கடலில் கைப்பற்றினார்கள். அதில் இருந்த மீனவர்கள் ஐவரையும் கொன்றார்கள். ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு வழிகண்டு மும்பை வந்து சேர்ந்தார்கள். பின்னர் மீட்கப்பட்ட அப்படகில் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றும் கிடைத்தது. அத்தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர்.

இதற்குப் பின்னரே கடலோரப் பாதுகாப்பு விதிகள் இறுகின. படகுகளுக்கு மாநிலவாரியாக வண்ணம் வந்தது. மீனவர்களுக்கு கைரேகையுடன் கூடிய அடையாள அட்டை வந்தது. துராயா, இரிடியம் போன்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்குக் கடும் தடை வந்தது. கோவாவிலும் டெல்லியிலும் பயணிகளைச் சிக்க வைத்த கைக்கருவி இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகவே இயங்குகிறது. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வழியாக யாரும் செய்தி அனுப்பக் கூடாது என்பது அரசின் நிலைப்பாடு. 166 உயிர்களை நினைக்கும்போது அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று இங்கே இருக்கிறது. குபேர் படகின் கதையில் முதலில் பலியானவர்கள் மீனவர்களே. அவர்கள் படகு பறிபோனதையோ அவர்கள் கொல்லப்பட்டதையோ கரைக்குச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. ஓர் அபாயப் பொத்தான் அன்று அப்படகில் இருந்து, அதை அழுத்த ஒரு நொடி கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் நாட்டின் பாதுகாப்பும் மீனவரின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அந்த நிகழ்வே காட்டுகிறது. தடை விதிப்பது பாதி வேலை. அனுமதிக்கப்பட்ட, மலிவான, நம்பகமான மாற்று வழியைத் தருவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி மிகத் தாமதமாகவே வந்தது.

மலைப்பகுதிகளில் அந்த மாற்று வழி இன்னும் போதிய அளவில் இல்லை. 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சகஸ்த்ரதால் மலைப்பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தனர். உதவி கேட்பதற்கு, செல்பேசி இயங்கும் இடம்வரை வழிகாட்டி நடந்து செல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2022 நவம்பர் முதலே ஒருவகைச் செல்பேசியிலிருந்து நேரடியாகச் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது. நம் நாட்டில் மலையேறுவோருக்கான குழுக்கள், அரசின் அனுமதி பெற்ற கருவிகளை எளிதாக வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடாவது வேண்டாமா?

திருட்டு, பறிமுதல், சாட்சி

உயிருக்கு அடுத்தபடி உடைமை. வாகனத் திருட்டுக்கு எதிராக இத்தகைய கருவிகள் இன்று பரவலாகிவிட்டன. பேருந்து, வாடகைக் கார் போன்ற புதிய பொது வாகனங்களில் இடமறியும் கருவியும் அபாயப் பொத்தானும் இருக்கவேண்டும் என்ற விதி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையின் பின்னணியில் எழுந்த விதி அது. லாரி உரிமையாளர்களும் பொக்லைன் உரிமையாளர்களும் தாங்களாகவே கருவி பொருத்துகிறார்கள். திருடன் முதலில் தேடுவது அந்தக் கருவியைத்தான் என்பதும், பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் எளிய கருவி ஓய்ந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கருவி இடத்தைச் சொன்னாலும், தனியாகப் போய் வண்டியை மீட்க முயல்வது ஆபத்து. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, இடத்தைத் தெரிவித்து, காவலருடன் போவதே முறை.

கடலில் நிலைமை வேறு. நாகை, வேதாரண்யம் பகுதி மீனவர்கள் நடுக்கடலில் தாக்கப்பட்டுக் கொள்ளையடிக்கப்படும் செய்திகளை அண்மை ஆண்டுகளில் அடிக்கடி வாசிக்கிறோம். அதிவேகப் படகில் வருவோர் மீனையும் வலையையும் எஞ்சினையும் எடுத்துக்கொள்கிறார்கள், ஜி.பி.எஸ். கருவியையும் வாக்கி டாக்கியையும் பறித்துச் செல்கிறார்கள். வழிகாட்டும் கருவியே கொள்ளைபோகிறது என்பது இதில் உள்ள கொடுமை. வழியும் தெரியாமல், யாரையும் அழைக்கவும் முடியாமல், காயங்களோடு இரவில் கரை திரும்ப வேண்டும். தாக்கப்பட்ட நேரத்தையும் இடத்தையும் அந்நொடியே கரைக்கு அனுப்பிவிடும் கருவி இருந்தால், கருவி பறிபோனாலும் பதிவு பறிபோகாது. “எங்கே நடந்தது, எப்படி நம்புவது?” என்ற கேள்விக்கு அது விடை சொல்லும்.

இதே சாட்சி வேறு விதத்திலும் பேசும் என்பதை நாம் மறைக்கக் கூடாது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்யும்போது, தாண்டவில்லை என்பதற்கு இப்பதிவு சான்றாகலாம். தாண்டியிருந்தால் அதையும் அது சொல்லும். பறிமுதல் செய்யப்பட்ட விசைப்படகுகள் பல திரும்பி வராமலே போயின. 2022 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை இலங்கை அரசு ஏலம் விட்டது. கடன் வாங்கிப் படகு கட்டியவரின் வேதனை நமக்குத் தெரியும். அதே வேளையில், நம் இழுவைமடிப் படகுகளால் வலைகளை இழந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் நம் மொழி பேசும் ஏழைகளே. எல்லையை நெருங்கும்போதே படகோட்டியை எச்சரிக்கும் வசதி புதிய கருவிகளில் உண்டு. அந்த எச்சரிக்கையை மதிப்பது இரு கரை மக்களுக்கும் நன்மை தரும்.

காவலா, கண்காணிப்பா?

கருவி இலவசமாகக் கிடைத்தாலும் அதை அணைத்து வைக்கும் படகுகள் இருக்கின்றன என்ற பேச்சு உண்டு. ஏன் என்று கேட்காமல் மீனவரைக் குறை சொல்வது எளிது. நல்ல மீன்பாடு உள்ள இடம் ஒரு மீனவரின் பல ஆண்டு உழைப்பில் கிடைத்த செல்வம். அது பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். தம்மைக் காக்க என்று சொல்லித் தரப்பட்ட கருவி, நாளை அபராதம் விதிக்கவும் டீசல் மானியத்தை நிறுத்தவும் பயன்படுமோ என்பது இன்னோர் அச்சம்.

இந்த அச்சத்துக்கு மதிப்பளிக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பளித்தது. பிணையில் வெளிவந்த ஒருவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் காவல் துறைக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலை 8ஆம் நாள் அதே நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டு என்றால், உழைத்து வாழும் மீனவருக்கும் லாரி ஓட்டுநருக்கும் அது இல்லையா? வீட்டுக்குள்ளும் இதே கேள்வி எழுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் மனைவியின் வண்டியில் அவருக்குத் தெரியாமல் கருவி ஒட்டிவைப்பது காவல் அல்ல, வேவு.

எனவே சில விதிகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். படகின் இடம் யார் யாருக்குத் தெரியும்? எத்தனை நாள்கள் பதிவு வைக்கப்படும்? மீட்புக்காகத் திரட்டியதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? மீனவர் அமைப்புகளோடு பேசி, தமிழில் எழுதி, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒட்டிவைத்தால் பாதி அச்சம் விலகும். நம்பிக்கை இல்லாத இடத்தில் கருவி அணைந்தே கிடக்கும். அணைந்து கிடக்கும் கருவி புயல் நாளில் யாரையும் காப்பாற்றாது.

அழைப்புக்குப் பதில் வேண்டும்

இஸ்ரோவின் முதல் தலைமுறைக் கருவியில் ஒரு குறை இருந்தது. அபாயப் பொத்தானை அழுத்தியவருக்கு, தம் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. நள்ளிரவில், கவிழும் நிலையில் உள்ள படகில், பதில் இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்தது என்ற பதிலைப் படகுக்கே அனுப்புகிறது. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள் அமைப்பும் 2020 முதல் இத்தகைய வசதியைத் தருகிறது. உதவி வருகிறது என்று தெரிந்தவர் இன்னும் சில மணி நேரம் மிதந்து கிடக்கத் துணிவு பெறுவார்.

கருவி தரும் இந்தப் பதிலுக்கு மேலாக ஒரு பதில் இருக்கிறது. அதைத் தரவேண்டியவர்கள் மனிதர்கள். 2018 ஆகஸ்டு 7ஆம் நாள் முனம்பம் கடலுக்கு அப்பால், குமரி மாவட்ட மீனவர்கள் இருந்த படகின் மீது ஒரு கப்பல் மோதிவிட்டு நிற்காமல் போனது. 14 பேரில் இருவர் மட்டுமே உயிருடன் மீண்டனர். கப்பலுக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரியும். கடலில் யார் ஆபத்தில் இருந்தாலும் உதவ வேண்டும் என்ற சட்டமும் தெரியும். இடம் தெரிவது வேறு, இரக்கம் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது கருவிகளின் எண்ணிக்கையை மட்டுமல்ல. அபாய அழைப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் யார் முடிவெடுப்பார்? தொலைதூரம் பறந்து தேடவல்ல விமானமும் விரைவுக் கப்பலும் தென் கடலுக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன? தேடலில் கடலை அறிந்த மீனவர்களையும் உடன் அழைத்துச் செல்வார்களா? இக்கேள்விகளுக்கான விடைகள்தான் ஓர் உயிரின் விலையைச் சொல்லும்.

நம் பங்குக்கும் கடமைகள் உண்டு. கருவியைப் படகின் பெயரிலும் உரிமையாளர் பெயரிலும் பதிவுசெய்து, தொலைபேசி எண் மாறினால் உடனே திருத்த வேண்டும். புறப்படும் முன் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அபாயப் பொத்தானை விளையாட்டாக அழுத்தக் கூடாது. உலகெங்கும் வரும் அபாயச் சமிக்ஞைகளில் பெரும்பாலானவை தவறுதலாக வருபவை. ஒவ்வொரு தவறான அழைப்பும் உண்மையான அழைப்பின் நேரத்தைத் திருடுகிறது. கருவியை இயக்கத் தெரிந்தவர் படகோட்டி மட்டுமாக இருக்கக் கூடாது. வெளி மாநிலத் தொழிலாளி உட்பட அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற இலவச எண் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கு கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் தன்னில் உள்ளோரின் பெயர், ஊர், உறவினர் எண் அடங்கிய பட்டியலைக் கரையில் விட்டுச் செல்லட்டும். பங்கு அலுவலகத்திலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு குறிப்பேடு போதும். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. செயற்கைக்கோள் ஒரு படகின் புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளிக்குள் இருப்பவர்கள் யார், யாருடைய மகன்கள், யாருடைய தந்தையர் என்பதைக் கரையில் இருக்கும் நாம்தான் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனபோது தேடிப் புறப்பட்ட ஆயனின் கதையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஒன்று குறைகிறது என்று அந்த ஆயனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எண்ணி வைத்திருந்தான். எண்ணியபின் வீட்டில் இருந்துவிடாமல், எழுந்து நடந்தான். எண்ணி வைப்பதற்கு இன்று நமக்கு நல்ல கருவிகள் கிடைத்திருக்கின்றன. அழைப்பு வந்தவுடன் எழுந்து போகும் ஏற்பாட்டையும் மனத்தையும் நாம் ஆயத்தமாக வைத்திருக்கிறோமா என்பதை, அடுத்த புயல் சின்னம் தென்படுவதற்கு முன்பே நாம் கேட்டுக்கொள்வோம்.